வாசகர் கேள்வி – பதில்: மாநில எல்லை கடக்கும் படகும் அதில் ஒட்டிவரும் மட்டியும்

அமெரிக்காவில் சொந்தப் படகு வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களின் எண்ணிக்கை கூடியிருப்பதை அண்மையில் வந்த கடிதங்களிலிருந்து உணர முடிகிறது. அவற்றில் பெரும்பாலானவை ஒரே சிக்கலைச் சுற்றி வந்தன. ஒரு மாநிலத்து ஏரியில் ஓட்டிய படகை அடுத்த மாநிலத்துக்கு இழுத்துச் செல்லும்போது, நெடுஞ்சாலைச் சோதனைச் சாவடியில் நிறுத்துகிறார்கள், படகின் அடியிலுள்ள நீர் வடியும் துளையின் அடைப்பைக் கழற்றச் சொல்கிறார்கள், சில இடங்களில் வெந்நீர் பீய்ச்சிக் கழுவுகிறார்கள். இவை எதற்காக, எந்தச் சட்டத்தின்படி என்பதே அந்தக் கடிதங்களின் சாரம். எனவே இம்முறை பகுதி முழுவதையும் அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, டாலஸுக்கு அருகில் வசிக்கிறேன். பழைய மீன்பிடிப் படகு ஒன்றை வாங்கி மூன்று ஆண்டுகளாக லூயிஸ்வில் ஏரியில் ஓட்டி வருகிறேன். பணிமாற்றத்தால் வரும் மே மாதம் ஐடஹோ மாநிலத்தின் பாய்சி நகருக்குக் குடிபெயர்கிறோம். படகைக் காருக்குப் பின்னால் டிரெய்லரில் இழுத்துச் செல்லப் போகிறேன். வழியில் எந்த நீர்நிலையிலும் அதை இறக்கும் எண்ணம் இல்லை. அப்படியிருந்தும் வழியிலுள்ள மாநிலங்களின் விதிகள் எனக்குப் பொருந்துமா?
– டாலஸ் வாசகர்

பதில்: பொருந்தும். வேறு பலரைவிட உங்களுக்குக் கூடுதலாகவே பொருந்தும். நீங்கள் படகு ஓட்டிய லூயிஸ்வில் ஏரியில் 2013-லேயே வரிக்குதிரை மட்டி கண்டறியப்பட்டுவிட்டது. நீங்கள் குடியேறப் போகும் பாய்சியோ கொலம்பியா ஆற்றுப் படுகையைச் சேர்ந்தது. இந்த மட்டியினம் இன்னும் நிலையாகக் குடியேறாத பெரிய ஆற்றுப் படுகை அமெரிக்காவில் ஏறக்குறைய இது ஒன்றுதான் எஞ்சியிருக்கிறது. நோய் உள்ள ஊரிலிருந்து நோய் இல்லாத ஊருக்குப் போகிறவரை அந்த ஊரார் எப்படிப் பார்ப்பார்களோ, அப்படித்தான் உங்கள் படகையும் பார்ப்பார்கள். அதில் அவர்களைக் குறை சொல்ல இடமில்லை.

வரிக்குதிரை மட்டி கருங்கடல், காஸ்பியன் கடல் பகுதிகளைத் தாயகமாகக் கொண்டது. கப்பல்கள் சமநிலைக்காக அடித்தொட்டிகளில் ஏற்றிவரும் நீரோடு அமெரிக்க–கனடா எல்லையிலுள்ள பேரேரிகளுக்கு வந்துசேர்ந்த இது, 1988-ல் செயின்ட் கிளேர் ஏரியில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது. அதன் நெருங்கிய உறவான குவாகா மட்டி மறு ஆண்டே ஈரி ஏரியில் தென்பட்டது. விரல் நகத்தளவே உள்ள இந்த மட்டி பிசின் போன்ற நூல்களைச் சுரந்து கல், இரும்பு, பிளாஸ்டிக் என எதன்மீதும் இறுகப் பற்றிக்கொள்கிறது. ஒரு பெண் மட்டி ஆண்டொன்றுக்குப் பத்து லட்சம் முட்டைகள்வரை இடக்கூடும். குடிநீர்க் குழாய்களும் மின்நிலையங்களின் குளிர்விப்புக் குழாய்களும் உட்புறம் அடுக்கடுக்காக மட்டி ஏறி அடைபடுகின்றன. மீன்குஞ்சுகள் உண்ண வேண்டிய நுண்ணுயிர்களை இவை வடிகட்டித் தின்றுவிடுவதால் ஏரியின் உணவுச் சங்கிலி அடியிலிருந்தே மாறிப்போகிறது. முட்டையிலிருந்து வெளிவரும் இளவுயிரி கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தொல்லை. படகின் அடிப்பாகத்தில் தேங்கிய ஒரு குவளை நீரில் அவை எத்தனை இருக்கின்றன என்பதை நீங்களும் காண முடியாது, சோதனைச் சாவடி ஊழியரும் காண முடியாது. எல்லா மாநிலங்களின் விதிகளும் நீரை வடிப்பதையே முதலில் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

இனி உங்கள் வழிக்கு வருவோம். டெக்சஸில் 2014 ஜூலை முதல் மாநிலம் முழுவதற்கும் நடைமுறையில் உள்ள விதிப்படி, பொது நன்னீர்நிலை எதிலிருந்தும் வெளியேறும்போதோ அதை நெருங்கும்போதோ படகிலும் அதிலுள்ள எல்லாக் கலன்களிலும் நீர் இருக்கக் கூடாது. மீன் தொட்டி, இரைவாளி, என்ஜின், அடித்தளம் எல்லாமே இதில் அடங்கும். ஆகவே உங்கள் கடமை டாலஸிலேயே தொடங்கிவிடுகிறது. அமரில்லோ வழியாக நியூ மெக்சிகோவின் வடகிழக்கு மூலையைத் தொட்டு, கொலராடோ, வயோமிங், யூட்டா ஆகியவற்றைக் கடந்து ஐடஹோவை அடைவதாக வைத்துக்கொண்டால், நீங்கள் கடக்கும் ஒவ்வொரு மேற்கு மாநிலத்திலும் சாலையோரம் திறந்திருக்கும் படகுச் சோதனைச் சாவடியில் நின்றே செல்ல வேண்டும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். ‘படகை இங்கே இறக்கப் போவதில்லை’ என்பது நிற்காமல் போவதற்குக் காரணமாகாது. இழுத்துச் செல்லும் படகு எதுவானாலும் நிற்க வேண்டும்.

கொலராடோவில் படகை இறக்குவதாயிருந்தால் 2018-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீர்வாழ் அயல் உயிரின முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும். உள்மாநிலத்தவருக்கு 25 டாலர், வெளிமாநிலத்தவருக்கு 50 டாலர். கடந்து போகிறவருக்கு அந்தக் கட்டணம் இல்லை. வயோமிங்கில் மார்ச் 1 முதல் நவம்பர் 30 வரை வெளியிலிருந்து வரும் எந்தப் படகும் நீரில் இறங்குமுன் ஆய்வு செய்யப்பட வேண்டும். உங்கள் மே மாதப் பயணம் இந்தக் காலத்துக்குள் வருகிறது. வழியில் மனம் மாறி ஏதேனும் ஏரியில் ஒரு மாலைப்பொழுதைக் கழிக்கலாம் என்று தோன்றினால், முதலில் ஆய்வு, பிறகுதான் ஏரி.

ஐடஹோவில்தான் உண்மையான சோதனை இருக்கிறது. கடந்த 30 நாட்களுக்குள் மட்டி பரவிய நீரில் இருந்த படகு அங்கே நீரில் இறங்குமுன் கட்டாயம் ஆய்வு செய்யப்பட வேண்டும். அயல் உயிரின நிதிக்கான ஸ்டிக்கரையும் நீங்கள் வாங்கி ஒட்ட வேண்டும். அவர்கள் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்கான காரணத்தை நீங்கள் போகும் சாலைக்கு அருகிலேயே காணலாம். பாய்சிக்குப் போகும் வழியிலுள்ள ட்வின் ஃபால்ஸ் அருகே, ஸ்னேக் ஆற்றில், 2023 செப்டம்பரில் குவாகா மட்டியின் இளவுயிரிகள் கண்டறியப்பட்டன. அக்டோபரிலேயே ஆற்றின் ஒரு பகுதியில் செம்பு கலந்த மருந்தை விட்டார்கள். மட்டியோடு பல டன் மீன்களும் மாண்டன. நெடுங்காலம் வாழும் ஸ்டர்ஜன் மீன்களும் அவற்றுள் அடக்கம். அத்தனை விலை கொடுத்தும் 2024-ல் மீண்டும் இளவுயிரிகள் தென்பட, மீண்டும் மருந்து விட நேர்ந்தது. தங்கள் ஆற்றுக்குத் தாங்களே நஞ்சிட வேண்டிய நிலைக்கு வந்த ஒரு மாநிலம், டெக்சஸ் பதிவெண் கொண்ட படகைக் கண்டதும் நிறுத்துவது இயல்பு.

நீங்கள் செய்யக்கூடிய மிக நல்ல காரியம், புறப்படுவதற்கு ஒரு மாதத்துக்கு முன்பே படகை ஏரியிலிருந்து நிரந்தரமாக எடுத்துவிடுவது. எடுத்த அன்றே அடைப்பைக் கழற்றி, என்ஜினை நேராகக் கீழிறக்கி நீர் முழுவதும் வடியும்வரை விட்டு, மீன் தொட்டியையும் சேமிப்பு அறைகளையும் திறந்துவைத்துக் காயவிடுங்கள். நங்கூரக் கயிற்றைத் தனியே வெயிலில் விரித்துப் போடுங்கள். சுருட்டிய கயிற்றின் உள்மடிப்புகளில் ஈரம் நெடுநாள் நிற்கும். அடைப்பைக் கழற்றிய நிலையிலேயே பயணம் செய்யுங்கள், ஏனெனில் மேற்கில் பல மாநிலங்களில் சாலையில் செல்லும்போது அது கழற்றப்பட்டிருக்க வேண்டும் என்பதே சட்டம். சாவடியில், படகு கடைசியாக இருந்த ஏரியின் பெயரையும் நாளையும் மறைக்காமல் சொல்லுங்கள். வெந்நீரால் கழுவ வேண்டும் என்று முடிவு செய்தால் சாலைச் சாவடிகளில் பொதுவாக அதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. முதல் சாவடியில் தரும் ஆய்வுச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த சாவடியில் அது உங்கள் நேரத்தைக் குறைக்கும், ஆனால் நிற்க வேண்டிய கடமையை நீக்காது.

கேள்வி: காற்றடைத்த சிறு கயாக் ஒன்றைக் காரின் பின்பெட்டியில் மடித்து வைத்துப் போர்ட்லாந்திலிருந்து ஐடஹோவுக்குப் போகிறோம். அதற்கும் சாவடியில் நிற்க வேண்டுமா?
– போர்ட்லாந்து வாசகி

பதில்: நில்லுங்கள். உங்கள் ஊர் இருக்கும் ஓரிகன் மாநிலத்தில் 2012 முதல், திறந்திருக்கும் சாவடியைத் தாண்டிப் போவது தண்டனைக்குரியது. கயாக், கனூ, துடுப்புப் பலகை ஆகியவையும் படகு என்ற வகையிலேயே வருகின்றன. பத்தடிக்குக் குறைந்த, என்ஜின் இல்லாத காற்றடைத்த படகுக்கு ஐடஹோவின் ஸ்டிக்கரிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் ஸ்டிக்கர் விலக்கு வேறு, ஆய்வு வேறு. காய்ந்த கயாக்கைப் பார்த்து அனுப்ப இரண்டு மூன்று நிமிடங்களுக்கு மேல் ஆகாது.

கேள்வி: மின்னசோட்டாவில் ஒரு விதி, விஸ்கான்சினில் ஒரு விதி, மேற்கே போனால் மாநிலத்துக்கு மாநிலம் புதுப்புது ஸ்டிக்கர். மாநிலங்களுக்கு இடையிலான போக்குவரத்து கூட்டாட்சி அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டதல்லவா? நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் ஏன் இல்லை?
– சிகாகோ வாசகர்

பதில்: இருக்கிறது என்று பலரும் நீண்டகாலம் நம்பினார்கள். 1900-ல் இயற்றப்பட்ட லேசி சட்டம், தீங்கு விளைவிக்கும் உயிரினங்களின் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறது. 1990-ல் நாடாளுமன்றம் இயற்றிய நீர்வாழ் அயல் உயிரினத் தடுப்புச் சட்டம் வரிக்குதிரை மட்டியை அந்தப் பட்டியலில் சேர்த்தது. எனவே அதை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுசெல்வது கூட்டாட்சிக் குற்றம் என்றே அதிகாரிகளும் படகோட்டிகளும் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் போனது என்பதற்கு டெக்சோமா ஏரியின் கதை நல்ல சான்று. டெக்சஸ், ஓக்லஹோமா ஆகிய இரண்டு மாநிலங்களின் எல்லையில் கிடக்கும் ஏரி அது. டாலஸின் வடக்குப் புறநகர்களுக்குக் குடிநீர் வழங்கும் வாரியம் அங்கிருந்து நீரை இறைத்துக்கொண்டிருந்தது. 2000-ஆம் ஆண்டு இரு மாநிலங்களும் எல்லையைத் திருத்தி வரைந்துகொண்டபோது, நீரேற்று நிலையத்தின் ஒரு பகுதி ஓக்லஹோமாவுக்குள் போய்விட்டது. அதனால் அப்போது யாருக்கும் இடையூறு இல்லை. 2009-ல் ஏரியில் வரிக்குதிரை மட்டி கண்டறியப்பட்டதும் நிலைமை தலைகீழானது. ஓக்லஹோமா மண்ணிலுள்ள குழாய் வழியே டெக்சஸுக்குள் நீர் போனால் மட்டியும் மாநில எல்லை தாண்டுகிறது, அது லேசி சட்டத்தை மீறுவதாகும் என்று கருதி நீரிறைப்பையே நிறுத்திவிட்டார்கள். அதே ஆண்டுகளில் டெக்சஸைக் கடும் வறட்சியும் வாட்டியது. கடைசியில் 2012 டிசம்பரில் நாடாளுமன்றம் தனிச்சட்டம் ஒன்றை இயற்றி அந்த வாரியத்துக்கு விலக்கு அளித்தது. இறைத்த நீர் வேறு எந்த ஓடையிலும் கலக்காமல் நேரே சுத்திகரிப்பு நிலையத்தை அடையும்படி நீண்ட மூடிய குழாய்ப்பாதை ஒன்றையும் அமைத்தபிறகு, 2014-ல்தான் மீண்டும் இறைத்தார்கள். வரைபடத்தில் ஒரு கோடு சற்று நகர்ந்ததும், ஏரியில் ஒரு மட்டி வந்ததும் சேர்ந்து ஒரு பெருநகரத்தின் புறநகர்களுக்கு இந்த நெருக்கடியைக் கொடுத்தன.

பிறகு 2017 ஏப்ரலில், பாம்புகள் தொடர்பாக ஊர்வன வளர்ப்போர் சங்கம் தொடுத்த வழக்கொன்றில், தலைநகர் வாஷிங்டனிலுள்ள கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் லேசி சட்டத்தின் சொற்களை எழுத்துக்கு எழுத்து படித்துப் பார்த்தது. ஹவாய் தவிர, கண்டப் பகுதியிலுள்ள 49 மாநிலங்களையும் ஒரே அலகாகவே அந்தப் பிரிவு குறிப்பிடுகிறது. ஆகவே அவற்றுள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்வதை அது தடை செய்யவில்லை என்று தீர்ப்பளித்தது. வழக்கு பாம்பைப் பற்றியது என்றாலும், அதே பட்டியலில் உள்ள மட்டிக்கும் அந்த விளக்கம் பொருந்துகிறது. மாநிலச் சட்டங்கள் இன்று இவ்வளவு முக்கியமாகியிருப்பதற்கு இது ஒரு பெரும் காரணம்.

கூட்டாட்சிச் சட்டம் முற்றிலும் விலகிவிட்டது என்றும் எண்ண வேண்டாம். லேசி சட்டத்தின் இன்னொரு பிரிவு, ஒரு மாநிலத்தின் சட்டத்தை மீறி எடுத்த அல்லது வைத்திருந்த உயிரினத்தை மாநிலம் கடந்து வணிகத்தில் கொண்டுசெல்வதைத் தனிக் குற்றமாக்குகிறது. மட்டி ஒட்டிய படகை வைத்திருப்பதே ஒரு மாநிலத்தில் குற்றம் என்றால், அந்தப் படகை விற்பதற்காக எல்லை தாண்டிக் கொண்டுபோகிறவர் இரண்டு சட்டங்களுக்கும் பதில் சொல்ல வேண்டி வரலாம். பழைய படகுகளை வாங்கி விற்கும் நண்பர்கள் இதை நன்றாக நினைவில் கொள்ள வேண்டும்.

விதிகள் வேறுபடுவதில் நியாயமும் உண்டு என்பது என் கருத்து. மின்னசோட்டாவும் விஸ்கான்சினும் பேரேரிகளை ஒட்டிய மாநிலங்கள். மட்டி வந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. அங்கே எஞ்சியிருக்கும் வேலை, பாதிக்கப்பட்ட ஏரியிலிருந்து பாதிக்கப்படாத பக்கத்து ஏரிக்கு அது போகாமல் காப்பது. அதனால் மின்னசோட்டாவில் சாலையில் போகும்போது அடைப்பு கழற்றியிருக்க வேண்டும், செடி ஒட்டியிருக்கக் கூடாது, வாங்கிய படகுத்துறை மேடையையோ படகுத் தூக்கியையோ வேறு ஏரியில் அமைப்பதானால் 21 நாட்கள் காய்ந்திருக்க வேண்டும் என்ற வகையில் விதிகள் அமைந்துள்ளன. மொன்டானாவின் நிலை வேறு. 2016-ல் டைபர் நீர்த்தேக்கத்தில் இளவுயிரிகள் தென்பட்டதும் அம்மாநில ஆளுநர் இயற்கைவள நெருக்கடிநிலையையே அறிவித்தார். அங்கே மலைத்தொடர் நீர்ப்பிரிப்புக் கோட்டைத் தாண்டி மேற்கே கொலம்பியா படுகைக்குள் வரும் படகு, மாநிலத்துக்குள்ளேயே இருந்து வந்தாலும், இறங்குமுன் ஆய்வுக்கு உட்பட வேண்டும். மாநில எல்லையைவிட ஆற்றுப் படுகையின் எல்லையே பெரிது என்று உணர்ந்து எழுதிய விதி இது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுவே.

கூட்டாட்சி அரசு பணத்தாலும் உதவுகிறது. 2014-ஆம் ஆண்டின் நீர்வளச் சட்டம், கொலம்பியா படுகையின் சோதனைச் சாவடிகளுக்கு ராணுவப் பொறியியல் படை செலவைப் பகிர்ந்துகொள்ள வழி செய்தது. மேற்கு மாநிலங்களும் தமக்குள் பேசி, ஆய்வு செய்யும் முறைக்கும் கழுவும் வெந்நீரின் சூட்டுக்கும் பொதுவான குறைந்தபட்ச அளவுகளை ஏற்றுக்கொண்டிருக்கின்றன. ஒரே சட்டம் இல்லாவிட்டாலும் ஒரே முறை மெல்ல மெல்ல உருவாகிவருகிறது.

கேள்வி: என் மகன் சாக்ரமெண்டோவில் இருக்கிறான். ஃபோல்சம் ஏரியில் படகை இறக்குவதற்கு முன் 30 நாள் சும்மா நிறுத்திவைக்க வேண்டும் என்று 2025-ல் சொல்லிவிட்டார்களாம். கழுவித் துடைத்த படகுக்கு இந்தக் காத்திருப்பு எதற்கு?
– திருச்சி வாசகி

பதில்: அம்மா, உங்கள் மகன் இருக்கும் ஊருக்கு அருகில்தான், 2024 அக்டோபரில், ஸ்டாக்டன் துறைமுகத்தில் தங்க மட்டி கண்டறியப்பட்டது. வட அமெரிக்காவில் அது காணப்பட்டது அதுவே முதல் முறை. சீனாவையும் தென்கிழக்கு ஆசியாவையும் சேர்ந்த அந்த இனம், 1991-ல் அர்ஜென்டினாவின் லா பிளாட்டா முகத்துவாரத்துக்கு வந்து, பத்தாண்டுகளில் ஆற்றோடு மேலேறிப் பிரேசில்–பராகுவே எல்லையிலுள்ள இட்டைப்பு அணையை எட்டிவிட்டது. கலிபோர்னியாவில் அது முளைத்த இடம் சாக்ரமெண்டோ–சான் ஹோக்கின் கழிமுகம். மாநிலத்தின் தென்பகுதிவரை கால்வாய்களில் ஓடும் நீர் அங்கிருந்துதான் எடுக்கப்படுகிறது.

வரிக்குதிரை மட்டிக்கு ஓடு கட்டச் சுண்ணாம்புச் சத்து நிறைந்த நீர் வேண்டும். சியரா நெவாடா மலையிலிருந்து இறங்கும் நீரில் அது குறைவு என்பதால் அம்மலையின் ஏரிகள் ஓரளவு பாதுகாப்பானவை என்று எண்ணியிருந்தார்கள். தங்க மட்டி அதைவிடக் குறைந்த சுண்ணாம்பிலும் வாழ்கிறது. அந்த ஆறுதலும் போய்விட்டதால்தான் அதிகாரிகள் இவ்வளவு விரைந்து செயல்பட்டார்கள்.

முப்பது நாள் கணக்கு இப்படி: படகை ஆய்வு செய்து, படகுக்கும் டிரெய்லருக்கும் இடையே ஒரு கம்பிவடத்தைக் கோத்து முத்திரையிட்டு விடுவார்கள். அதை அறுக்காமல் படகை எந்த நீரிலும் இறக்க முடியாது. முத்திரை முழுதாக இருந்தால் படகு முப்பது நாளும் கரையிலேயே இருந்தது உறுதி. அதற்குள் உள்ளறைகளில் ஒளிந்த மட்டியும் காய்ந்து மடியும். கழுவித் துடைப்பது வெளிப்புறத்துக்கு நல்லது. நீர் விளையாட்டுப் படகுகளில் அலை எழுப்புவதற்காக உள்ளே நீர் நிரப்பும் தொட்டிகள் இருக்கின்றன. அவற்றை யாராலும் முழுமையாக வடிக்க முடிவதில்லை. துணி தொட முடியாத அந்த இடத்துக்காகத்தான் காத்திருப்பு. ஒரே ஏரியில் மட்டும் ஓட்டுகிறவர், வெளியேறும்போது மீண்டும் முத்திரை போட்டுக்கொண்டால் அடுத்த முறை காத்திருக்க வேண்டியதில்லை என்ற ஏற்பாடும் பல இடங்களில் உண்டு. உங்கள் மகனுக்கு அதுவே எளிய வழி.

இதற்கு வழிகாட்டியது டாஹோ ஏரி. கலிபோர்னியாவுக்கும் நெவாடாவுக்கும் பொதுவான அந்த ஏரியில் இரு மாநிலங்களும் 1969-ல் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி ஒரே வட்டார முகமை இரண்டு கரைக்கும் சேர்த்து விதி வகுக்கிறது. 2008 முதல் என்ஜின் படகுகளுக்கு ஆய்வு கட்டாயம். 2025-ல், டாஹோவுக்கென்றே முத்திரையிட்ட படகு தவிர மற்ற எல்லா என்ஜின் படகுகளும் வெந்நீர்க் கழுவலுக்கு உட்பட வேண்டும் என்று இன்னும் இறுக்கினார்கள். இரண்டு மாநிலங்கள் ஒரு ஏரியை ஒரே கண்ணால் பார்க்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

கேள்வி: நான் உயிரியல் ஆசிரியை. ஒளித்தொகுப்புப் பரிசோதனைக்கு மாணவர்களைக் குளத்திலிருந்து ஐதரில்லா எடுத்துவரச் சொல்வோம். அமெரிக்காவில் அதே தாவரம் படகில் ஒட்டியிருந்தால் அபராதம் என்று என் தங்கை எழுதுகிறாள். உண்மைதானா?
– யாழ்ப்பாண வாசகி

பதில்: உண்மைதான். உங்கள் நாட்டுக்கு அதில் நேரடித் தொடர்பும் உண்டு. 1950-களின் தொடக்கத்தில், கண்ணாடித் தொட்டி மீன் வணிகத்துக்காக இலங்கையிலிருந்து மிசௌரி மாநிலத்துக்கு அனுப்பப்பட்ட ஐதரில்லா, அங்கிருந்து புளோரிடாவின் டம்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது. 1960 வாக்கில் புளோரிடாவின் ஆறுகளிலும் கால்வாய்களிலும் அது வேரூன்றிவிட்டது. புனலைக் கவிழ்த்துச் சோதனைக்குழாயில் ஆக்சிஜன் குமிழிகளை எண்ணுவதற்கு நாம் பயன்படுத்தும் அந்த மென்மையான செடி, தன்னைத் தின்பவையும் தாக்குபவையும் இல்லாத நீரில் நாளொன்றுக்கு ஓரங்குலம்வரை வளர்ந்து, மேற்பரப்பில் பாய்போல் படர்கிறது. இன்று அது கூட்டாட்சி அரசின் தீங்குக் களைப் பட்டியலில் இருக்கிறது.

மட்டிக்கு நீர் எப்படியோ, இந்தச் செடிக்கு ஒரு துணுக்கு அப்படி. கணு உள்ள சிறு துண்டு டிரெய்லரின் அச்சில் சுற்றிக்கொண்டு போனாலே அடுத்த ஏரியில் முளைத்துவிடும். சேற்றுக்குள் விடும் கிழங்குகள் பல ஆண்டுகள் உறங்கியிருந்து எழும். நியூயார்க் மாநிலத்தின் இத்தாகாவில் 2011-ல் கயூகா ஏரியில் வந்து கலக்கும் ஓடையிலும், 2016-ல் கனெக்டிகட் ஆற்றிலும் அது தென்பட்டபிறகு வடகிழக்கு மாநிலங்கள் விழித்துக்கொண்டன. நியூயார்க் மாநிலத்தின் ஜார்ஜ் ஏரியில் 2014 முதல் படகு ஆய்வு கட்டாயம். அம்மாநிலத்தின் அடிரொண்டாக் மலைப்பகுதியில் என்ஜின் படகை இறக்குகிறவர் படகு சுத்தம், நீர் வடிந்தது, காய்ந்தது என்பதற்குச் சான்று வைத்திருக்க வேண்டும் என்று 2022-ல் சட்டம் வந்தது.

உங்கள் தங்கை வீட்டில் மீன் தொட்டி இருந்தால் இதையும் சொல்லுங்கள்: 2021-ல் உக்ரைனிலிருந்து இறக்குமதியான அலங்காரப் பாசி உருண்டைகளுக்குள் வரிக்குதிரை மட்டி இருந்தது அமெரிக்கக் கடைகளில் கண்டுபிடிக்கப்பட்டது. தொட்டி நீரையும் செடியையும் எந்தக் காலத்திலும் ஏரியிலோ மழைநீர் வடிகாலிலோ கொட்டக் கூடாது.

கேள்வி: எங்கள் கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தைக் காக்கா ஆழி மூடிவிட்டது. இறால் பிடிக்க இறங்கினால் காலெல்லாம் வெட்டு. நீங்கள் எழுதும் படகுச் சோதனை எங்களுக்கு உதவுமா?
– எண்ணூர் வாசகர்

பதில்: உங்கள் வலியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். காக்கா ஆழி தென் அமெரிக்காவைச் சேர்ந்த உவர்நீர் மட்டி. கப்பல்களின் சமநிலை நீரோடோ அடிப்பாகத்தில் ஒட்டியோ அது வந்திருக்க வேண்டும் என்பதே பெரும்பாலோர் முடிவு. மஞ்சள் மட்டியும் இறாலும் வாழும் சேற்றுத்தரையை அது கம்பளம்போல் மூடிக்கொள்கிறது. டிரெய்லரில் போகும் படகைச் சோதிக்கும் முறை, ஏரிகள் தனித்தனியாக இருக்கும் நிலத்துக்கு ஏற்றது. ஓதங்கள் ஏறி இறங்கும் கழிமுகத்தில் இளவுயிரி நீரோடு தானே பரவும். அங்கே படகைச் சோதித்து அதை நிறுத்த முடியாது. வாசல், கப்பல் வரும் துறைமுகம். காவல் அங்கேதான் வேண்டும். கப்பல்களின் சமநிலை நீருக்கான பன்னாட்டு உடன்படிக்கை 2017 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. உங்கள் ஊரில் அது பரவுவதற்கு முன் அந்தக் காவல் இறுகியிருக்க வேண்டும் என்ற ஆதங்கம் எனக்கும் உண்டு. ஒன்றை மட்டும் நீங்கள் செய்யலாம்: காக்கா ஆழி ஒட்டிய வலையையும் கயிற்றையும், அது இன்னும் எட்டாத வேறு உப்பங்கழிக்குக் கொண்டுபோகுமுன் நன்றாக வெயிலில் காயவையுங்கள்.

கேள்வி: கார் கழுவும் நிலையத்தில் படகைக் கழுவினால் போதாதா? வீட்டில் பிளீச்சிங் நீரால் கழுவலாமா?
– ஃபீனிக்ஸ் வாசகர்

பதில்: கார் கழுவும் நிலையத்து நீர் பெரும்பாலும் போதிய சூடாக இருக்காது. மேற்கு மாநிலங்கள் ஏற்றுக்கொண்ட அளவுப்படி, படகின் வெளிப்புறத்தில் படும் இடத்திலேயே நீர் 60 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். குழாய் முனையில் 60 இருந்து, படகைத் தொடும்போது ஆறிவிட்டால் பயனில்லை. என்ஜின், மீன் தொட்டி போன்ற உட்பகுதிகளின் ரப்பரும் பம்பும் கெடாதபடி அங்கே 49 டிகிரி போதும், ஆனால் கூடுதல் நேரம் ஓட வேண்டும். பிளீச்சிங் நீர் இணைப்புகளை அரிக்கும், தரையில் வழிந்து வடிகாலுக்கும் போகும், தவிர்த்துவிடுங்கள். உங்கள் அரிசோனா மாநில எல்லையிலுள்ள ஹவாசு ஏரியிலும் மீட் ஏரியிலும் 2007 முதலே குவாகா மட்டி இருக்கிறது. அங்கே ஓட்டிய படகை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோகுமுன், சேருமிடத்து மாநிலத்தின் வனவுயிர்த் துறைக்குத் தொலைபேசியில் பேசி, பயிற்சி பெற்ற ஊழியர்கள் கழுவும் நிலையம் வழியில் எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு புறப்படுங்கள்.